ஷேபாலியைக் கூப்பிட்ட ஹாரன்

மத்தியான வெயில். மூங்கில் கம்பத்தடியில் ஒரு தார்ப்பாய்க் கொட்டகை. அதற்குள் நான் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு குத்தவைத்திருந்தேன்.

கம்பத்து உச்சியில் இரண்டு ஹாரன்கள். ஒன்று வடக்கே பார்த்தது, ஒன்று தெற்கே. இரண்டும் அப்போது பேசவில்லை. கேட்டுக்கொண்டிருந்தன.

முதலில் காற்று வந்தது. தகரத்தில் மணலைத் தேய்க்கிற மாதிரி. அதற்கு அடியில் ஜனங்களின் இரைச்சல், ஒரே முனகலாக. ஒரு காக்கை. எங்கோ ஒரு பாத்திரம் விழுந்தது. பிறகு அது.

"ஜாய் மா."

வங்காளத்தில் அதற்கு 'வர்றேம்மா' என்று அர்த்தம். அம்மா கூப்பிட்டால் பிள்ளை சொல்கிற பதில். சின்னக் குரல். மூடிய பானைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது.

ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சுற்றிலும் பார்த்தேன். பக்கத்தில் ஒரு குழந்தையும் இல்லை. சோற்று நேரம். பாதி முகாம் வரிசையில் நின்றது. எதிரே வெள்ளை மணல், நாணல் பூ, வெயில். அவ்வளவுதான்.

அதற்குச் சற்று முன்னால்தான் மைக்கில் ஒரு பெயரைக் கூப்பிட்டு முடித்திருந்தார்கள். ஷேபாலி. தினமும் கூப்பிடுகிற பெயர். தினமும் யாரும் வருவதில்லை.

மறுபடி மாட்டிப் பார்த்தேன். காற்று மட்டும்.

சாமான்

போன வாரம் கல்கத்தாவில் டாக்குரியாவில் நான் வேலை பார்த்த மைக் செட் கடையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருக்கிறார், உங்கள் தொடரில் ஆட்களைவிடச் சாமான்கள்தான் அதிகமா என்று. உண்மைதான். எனக்குச் சாமானைப் பற்றித்தான் எழுத வரும். படித்தது ஐந்தாவது. இந்த வாரம் ஆட்கள் வருகிறார்கள். சாமான் வழியாகத்தான் வருகிறார்கள்.

அது கிழக்கே, இன்றைய வங்கதேசத்தில், சண்டை நடந்த வருடம். எல்லை தாண்டி வந்த ஜனங்கள் கல்கத்தாவை நிரப்பினார்கள். இன்று ஆபீசும் வீடுமாக இருக்கிற சால்ட் லேக் அப்போது வெறும் பொட்டல். சதுப்பை மேடாக்க ஆற்று மணலைக் கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள். அந்த மணலில் முகாம் போட்டார்கள். கூடாரம், தார்ப்பாய், கோணி. அதிலும் இடம் கிடைக்காதவர்கள், சாக்கடை வேலைக்கென்று கிடந்த பெரிய சிமெண்ட் பைப்புகளுக்குள் குடிபோனார்கள். பைப்பு வாயில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டால் வீடு.

கூட்டத்தில் கைவிட்டுப்போன பிள்ளைகள் நிறைய. கிழவர்கள் நிறைய. மைக்கில் பெயரைக் கூப்பிட்டுச் சேர்த்துவைக்க ஒரு தொண்டர் ஆபீஸ் வைத்திருந்தார்கள். அதற்கு மைக் செட் போட்டது எங்கள் கடை.

கடைக்காரர் வேலாயுதம் அண்ணாச்சி, கோவில்பட்டிக்காரர். நானும் அந்தப் பக்கம்தான். அவர் கல்கத்தாவில் பாதி ஆயுசு கழித்தவர். வங்காளத்தையும் கோவில்பட்டித் தமிழ் மாதிரியே பேசுவார்.

"ஏலே மணி, புது ஹாரன் எல்லாம் பூஜைப் பந்தலுக்குப் போகுது. அந்தப் பட்டாளத்து யூனிட்டு ரெண்டு கெடக்குல்லா, அதைக் கிண்டி எழுப்பு."

"உயிர் இருக்கான்னு தெரியல அண்ணாச்சி."

"சமயத்துல ஒனக்கே உயிர் இருக்கான்னு தெரிய மாட்டேங்கு. ஒன்னைய வச்சு நான் வேலை வாங்கலியா?"

தகடும் துணியும்

ஹாரன் என்பது வெறும் தகரக் குழல். பேசுவது அதன் பின்னால் திருகியிருக்கிற யூனிட். தேங்காய் அளவுதான் இருக்கும், குழவிக்கல் கனம் கனக்கும். உள்ளே ஒரு காந்தம். அதன் மேல் மெல்லிய ஒரு மூடி, டயாப்ரம். அதில் ஒட்டிய செம்புக் கம்பிச் சுருள் காந்தத்தின் இடுக்கில் தொடாமல் நிற்க வேண்டும். தொட்டால் தொண்டை கட்டிய மாதிரி கரகரக்கும்.

இந்த இரண்டும் பெரிய யுத்தத்தில் அமெரிக்கப் பட்டாளத்தோடு வந்தவை. அவர்கள் போனபின் ஏதோ விமானத்தளத்திலிருந்து பழைய இரும்பாகச் சந்தைக்கு வந்தன. பச்சைப் பெயிண்ட். ஒன்றின் மூடியில் யாரோ ஆணியால் ஒரு பெயரைக் கீறியிருந்தார்கள். இங்கிலீஷ். எனக்குப் படிக்கத் தெரியவில்லை. அண்ணாச்சிக்கும் தெரியவில்லை, ஆனால் பொம்பளை பேர் என்று அடித்துச் சொன்னார்.

இடுக்கில் இரும்புத் தூள் அடைந்திருந்தது. காந்தம் பிடித்துவைத்த தூள் ஊதினால் போகாது. சப்பாத்தி மாவைத் திரித்து உள்ளே அழுத்தி எடுத்தால் ஒட்டிக்கொண்டு வரும். மாவு கறுப்பாக வருவது நிற்கும்வரை அதையே செய்தேன். சுருளை நடுவில் நிறுத்த, பழைய எக்ஸ்ரே பிலிமைக் கீற்றாக வெட்டிச் சுற்றிலும் சொருகுவோம். அன்றைக்குக் கிடைத்த பிலிமில் யாருடைய விலா எலும்போ இருந்தது. அந்த ஆள் இருக்கிறாரோ இல்லையோ. வெட்டிச் சொருகினேன்.

ஒரு யூனிட்டில் பழைய அலுமினிய டயாப்ரமே நன்றாக இருந்தது. அதைத் தகடு என்று கூப்பிட்டோம். இன்னொன்றில் நொறுங்கிவிட்டது. அதற்கு அண்ணாச்சியின் பழைய மல்வேட்டியில் ஒரு வட்டம் வெட்டி, அரக்கில் ஊறவைத்து, மர அச்சில் அழுத்திக் காயவைத்து நானே ஒன்று செய்தேன். அது துணி.

இரண்டில் எது உசத்தி என்று பார்க்க ஒரே வழிதான். ஆம்பிளிபயரை மாற்றக்கூடாது, ஹாரனை மாற்றக்கூடாது, பேசுகிற ஆளை மாற்றக்கூடாது. யூனிட்டை மட்டும் மாற்ற வேண்டும். அண்ணாச்சி கடை வாசலில் மைக்கைப் பிடித்தார். நான் ரயில்வே கேட் வரை நடந்தேன்.

"ஏலே மணி, கேக்குதா? கேட்டா கையைத் தூக்கு. தூக்கித் தொலையேம்லே!"

டாக்குரியா முழுவதும் கேட்டது. தகடு மாட்டியபோது, அவர் வாயில் வெற்றிலை இருப்பதுகூடக் கேட் பக்கம் நின்ற எனக்குத் தெரிந்தது. துணி மாட்டியபோது வார்த்தை வந்தது, ஆள் வரவில்லை. யாரோ ஓர் ஆம்பளை. அண்ணாச்சியாகவும் இருக்கலாம். செத்துப்போன என் அப்பாவாகவும் இருக்கலாம். அப்படித் தோன்றியதும் கையைத் தூக்காமல் நின்றுவிட்டேன்.

"என்னலே, செவுடாயிட்டியா?" என்றார், நான் திரும்பி வந்ததும்.

"துணி சரியில்ல அண்ணாச்சி. யார் பேசுதான்னு தெரியல."

"எம் வேட்டியில்லா. வெக்கப்பட்டு மூஞ்சிய மறைக்கு."

வேறு யூனிட் கிடையாது. இரண்டையும் கொண்டுபோய்க் கட்டினோம். சோற்று வரிசை இருந்த வடக்குப் பக்கம் தகடு. பைப்புகள் கிடந்த தெற்குப் பக்கம் துணி.

துரு

பேசுகிற யூனிட் கேட்கவும் செய்யும். இது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். கம்பத்தில் ஏறாமல் யூனிட் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, கீழே வயரை மாற்றி மைக் சொருகுகிற இடத்தில் சொருகுவோம். ஹெட்போனில் காற்று கேட்டால் உயிர் இருக்கிறது. கேட்காவிட்டால் ஏற வேண்டியதுதான். அன்றைக்கு மத்தியானம் நான் செய்துகொண்டிருந்தது அந்த வேலை.

கேட்கக் கூடாதது கேட்டால் பயப்படுகிற ஆள் இல்லை நான். அதற்கு ஒரு பழைய கதை உண்டு.

அதற்குச் சில வருடம் முன்னால் கல்கத்தாவிலேயே பெஹாலாவில் ஒரு தொழிற்சாலையில் கூப்பிட்டார்கள். கூரையிலிருக்கிற ஹாரன் தானாகப் பேசுகிறதாம். ஆம்பிளிபயரைக் கழற்றி வண்டியில் ஏற்றிய பிறகும் பேசுகிறதாம். சாயங்காலமானால் ஒரு பெண் குரல், மெல்ல, நிறுத்தாமல். வாட்ச்மேன் கூரைப் பக்கம் தலையைத் தூக்கவே மாட்டார். நான் ஏறிக் காதை வைத்தேன். பெண் குரல்தான். அரிசி வந்துசேர்ந்த செய்தியை வாசித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு ரேடியோ கோபுரம். அறுந்து தொங்கிய நீள வயர் அதைப் பிடித்திருக்கிறது. வயர் முடிச்சில் துரு. அந்தத் துருவே ரேடியோ மாதிரி வேலை செய்துவிட்டது. முடிச்சைச் சுரண்டினேன். குரல் நின்றது.

வாட்ச்மேன் என் காலைத் தொட வந்தார். ஆத்மாவை விரட்டிவிட்டேனாம். துரு என்று விளக்க எனக்கு அப்போது வங்காளம் போதவில்லை. சும்மா வந்துவிட்டேன்.

அதிலிருந்து ஹாரனில் எது கேட்டாலும் முதலில் துருவைத் தேடுவேன். சால்ட் லேக் கம்பத்தில் துரு இல்லை. எல்லா முடிச்சும் நான் போட்டது.

பெயர் வாசிப்பவர்

பெயர் வாசித்தவர் நிமாய். என் வயதுதான். ஜாத்ரா என்று அங்கே ஊர் ஊராகப் போடுகிற நாடகத்தில் ராஜா வேஷம் கட்டியவர். யார் பெயரையும் சண்டைக்குக் கூப்பிடுகிற மாதிரிதான் கூப்பிடுவார். மணி என்கிற என் பெயர் அவர் வாயில் மோனி தா. தா என்பது மரியாதைக்கு, அண்ணே என்கிற மாதிரி. அவரும் மற்றவர்களும் பேசியதெல்லாம் வங்காளம். நான் நம் பேச்சில் எழுதுகிறேன்.

"மோனி தா, உங்க ஊர்ல பேச்சுக்கு வரி உண்டா? காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசலையே."

"இதைக் கேளுங்க" என்றேன்.

மறுநாள் மத்தியானம் அது. அவர் ஷேபாலி என்று கூப்பிட்டு முடித்ததும் நான் வயரை மாற்றி ஹெட்போனை அவர் காதில் வைத்தேன். கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டே இருந்தார். பிறகு சிரிப்பு அப்படியே நின்றது. ராஜா முகம் போய்விட்டது.

"யார் அது?"

"தெரியல."

"பதில் சொல்லுதே, மோனி தா."

நான் தடுப்பதற்குள் கொட்டகைக்கு வெளியே ஓடிவிட்டார். அங்கே ஷேபாலியின் அம்மா நின்றிருந்தாள். எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். இடுப்பில் இருமுகிற கைக்குழந்தை. புருஷன் வழியிலேயே செத்துப்போனான். மூத்த பெண் ஷேபாலி எல்லையில் கூட்டத்தில் கைவிட்டுப்போனாள். அம்மா தினமும் மத்தியானம் கொட்டகைக்கு வருவாள். மகள் பெயரைக் கூப்பிடும்போது கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கூப்பிட்டு ஓய்ந்த பிறகும் நிற்பாள்.

அவளுக்கு நாள் குறைவு. முகாமில் இடமில்லை என்று ஆட்களைத் தூரத்து ஊர்களுக்கு ரயிலில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்த வாரக் கடைசியில் அவள் கொழுந்தன் குடும்பத்துக்கு லாரி. ரேஷன் அட்டை அவன் கையில். அவள் தங்கினால் குழந்தைக்குப் பால் மாவு கிடையாது. போனால் ஷேபாலி இங்கேயே.

அடுத்த நாள் அவளே ஹெட்போனை வைத்துக் கேட்டாள். அந்தக் குரல் வந்தது. மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவதான். சளி பிடிச்சிருக்கு அவளுக்கு" என்றாள்.

இடம் மாற்றியது

எங்கே தேடுவது? அந்த முகாமில் தேடுவது என்றால் ஒரு நகரத்தில் தேடுவது.

இரண்டு ஹாரன்களையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். வடக்கே பார்த்ததில் குரல் பளிச்சென்று வந்தது. தெற்கில் மங்கல். அப்படியானால் வடக்கு. நிமாயும் அவளும் கூடாரம் கூடாரமாக வடக்கே போனார்கள். மறுநாளும் போனார்கள். ஷேபாலி என்று பெயருள்ள இரண்டு கிழவிகள் கிடைத்தார்கள். அவ்வளவுதான்.

சாயங்காலம் வீட்டுக்கு ரயிலில் போகும்போதுதான் எனக்கு உறைத்தது. வடக்கில் இருந்தது தகடு. தெற்கில் துணி. தகட்டுக்குச் சின்னக் குரல் நன்றாகக் கேட்கும், அது எந்தப் பக்கம் பார்த்தாலும். நாங்கள் திசையைத் தேடவில்லை. யூனிட்டின் காதை நம்பித் தப்பான பக்கம் நடந்திருக்கிறோம்.

காலையில் முதல் வேலையாகக் கம்பத்தில் ஏறினேன். தகட்டைத் தெற்குக்கும் துணியை வடக்குக்கும் மாற்றினேன். மத்தியானம் நிமாய் கூப்பிட்டார். வடக்கில் ஒன்றுமே இல்லை. தெற்கில் அந்தக் குரல் என் காதுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு பேசுகிற மாதிரி வந்தது. குரலோடு ஒரு சுற்று முழக்கம். சிமெண்டுக்குள் பேசினால் வருகிற முழக்கம்.

"பைப்பு" என்றேன்.

பைப்பு

கடைசி வரிசைப் பைப்புகளில் அநேகமாக ஆள் இல்லை. மழைத் தண்ணீர் ஏறியதால் காலிசெய்துவிட்டார்கள். பிளீச்சிங் பவுடர் வாடை. மூன்று நான்கு பைப்புகளை வாயோடு வாய் சேர்த்துப் போட்டிருந்த இடத்தில், ஒரு மீன்காரர் மட்டும் மேலே உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் உள்ளே குனிந்து பார்த்தோம். கணுக்கால் அளவு தண்ணீர். கொஞ்ச தூரத்துக்கு வெளிச்சம், அப்புறம் இருட்டு. இருட்டும் வெளிச்சமும் சேருகிற இடத்தில் ஒரு செங்கல் மேல் ஒரு பெண் குழந்தை குத்தவைத்திருந்தது.

ஷேபாலியின் அம்மா பார்த்தாள். கொஞ்ச நேரம்தான் பார்த்தாள்.

"இல்லை" என்றாள்.

நிமாய் ஏதோ சொல்ல வந்தார். அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டுப் பைப்புக்குள் கேட்டாள்.

"உன் பேர் என்னம்மா?"

"பூனி."

"ஷேபாலின்னு கூப்பிட்டா நீ ஏன் பதில் சொன்னே?"

"தினம் கூப்பிடறாங்க. யாருமே பதில் சொல்லலை. பாவமா இருந்துது. அதான் நான் சொன்னேன்."

பைப்பு அந்த வார்த்தையைக் கொஞ்ச நேரம் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தது.

மீன்காரர்தான் மற்றதைச் சொன்னார், பிள்ளைக்குக் கேட்காத குரலில். அம்மாவும் பெண்ணும்தான் இருந்தார்கள். அம்மாவுக்கு வாந்திபேதி. அசையாதே, நான் வந்து கூப்பிட்டால்தான் வெளியே வரணும் என்று பெண்ணிடம் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக் கூடாரத்துக்குத் தானே நடந்து போனாள். அங்கேயே முடிந்தது. எரித்தாகிவிட்டது. பெண்ணிடம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. இவர் தினமும் சோறு வைக்கிறார். வெளியே வரமாட்டேன் என்கிறது.

நெற்றி தொட்டுப் பார்க்க நிமாய் உள்ளே போனார். போன வேகத்தில் கத்திக்கொண்டு வந்தார்.

"கடிச்சிட்டா, மோனி தா! ராஜா கையைக் கடிச்சிட்டா!"

"காய்ச்சல் இருக்கா?"

"பல்லு கொதிக்குது. அதைவிட என்ன சாட்சி வேணும்?"

பெண் இன்னும் உள்ளே, இருட்டுக்குப் போய்விட்டது. அடுத்த மழையில் பைப்பு பாதி நிரம்பும் என்றார் மீன்காரர்.

ஷேபாலியின் அம்மா பைப்பு வாயில் உட்கார்ந்தாள். கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, உள்ளே இருக்கிற பெண்ணோடு சாயங்காலம் வரை பேசினாள். சோறு பற்றி, குழந்தை பற்றி. பெண் பதில் சொன்னது. வரவில்லை.

மோசமான யூனிட்

மறுநாள் லாரி. காலையிலேயே அவள் கொட்டகைக்கு வந்துவிட்டாள்.

"அவ அம்மா கூப்பிட்டா வருவா" என்றாள்.

"அவ அம்மா இல்லையே" என்றார் நிமாய்.

"நான் கூப்பிடறேன்."

நிமாய் என்னைப் பார்த்தார். நான் ஹாரனைப் பார்த்தேன். ஆகாது என்று எனக்குத் தெரியும். தெற்கே இருப்பது தகடு. முந்தின நாள் சாயங்காலம் வரை அவள் குரலைக் கேட்ட பெண். தகட்டில் பேசினால் இது பக்கத்தில் உட்கார்ந்திருந்த பொம்பளை என்று உடனே தெரிந்துவிடும்.

"உங்க குரலா இருக்கக்கூடாது" என்றேன். அவளிடம் நான் பேசிய முதல் பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன்.

ஏறினேன். தகட்டைக் கழற்றித் துணியை மாட்டினேன். அதுவும் போதாது என்று கீழே வந்து ஆம்பிளிபயரில் கீச்சுக் குரலை முழுக்கக் குறைத்தேன். மைக்கின் மேல் ஈரத் துண்டைச் சுற்றினேன். நிமாயைப் பைப்புப் பக்கம் அனுப்பி, யார் என்று தெரியாமல் போகிற இடத்தில் கையைத் தூக்கச் சொன்னேன்.

அவள் ஒன்று, இரண்டு என்று மெல்ல எண்ணினாள். நிமாய் தலையை ஆட்டினார். இன்னும் தெரிகிறது. துண்டை இன்னொரு சுற்று சுற்றினேன். அவளைத் தள்ளி நிற்கச் சொன்னேன். மறுபடி எண்ணினாள்.

நிமாய் கையைத் தூக்கினார்.

எத்தனையோ யூனிட்டைத் திறந்து மூடியிருக்கிறேன். எல்லாம் தெளிவுக்குத்தான். பேசுகிற ஆள் யார் என்று தெரியக்கூடாது என்று வேலை பார்த்தது அந்த ஒரு காலைதான்.

"ஒரு வார்த்தை போதும்" என்றேன். "அவ அம்மா எப்படிக் கூப்பிடுவான்னு நமக்குத் தெரியாது."

அவள் தலையசைத்தாள். கைக்குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு மைக்கைப் பிடித்தாள்.

"பூனி. ஆய்."

ஆய் என்றால் வா.

கம்பத்து உச்சியில் பேசியது அவள் இல்லை. வயசு இல்லை, ஊர் இல்லை, முகம் இல்லை. ஒரு அம்மா. அவ்வளவுதான். என் கையிலிருந்த குழந்தை, எதிரே நிற்கிற தன் அம்மாவைப் பார்க்காமல் தலையைத் தூக்கி ஹாரனைப் பார்த்தது.

திரும்பிப் பார்த்தேன். காலைக் கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பியிருந்தார்கள். கூடாரத்துக்குள் இருந்தவர்கள் வெளியே வந்திருந்தார்கள். ஒரு கிழவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார், கூப்பிட்டது தன்னைத்தான் என்பதுபோல. அத்தனை பெரிய முகாம் ஒரு நிமிஷம் சத்தமில்லாமல் இருந்தது. நான் அதற்கு முன்னும் அப்படிப் பார்த்ததில்லை, பின்னும் இல்லை.

மணலில் அந்தப் பெண் வந்துகொண்டிருந்தாள். ஓடவில்லை. நடந்தாள். நிமாயைத் தாண்டி நடந்தாள். கம்பத்தடிக்கு வந்து நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"வந்துட்டேம்மா" என்றாள், ஹாரனிடம்.

ஷேபாலியின் அம்மா மைக்கைக் கீழே வைத்துவிட்டிருந்தாள். அவளும் பெண்ணும் கைக்கெட்டுகிற தூரத்தில் நின்றார்கள். பெண் அவளைப் பார்த்தாள். மறுபடி மேலே பார்த்தாள்.

"அம்மா மேலேயா இருக்காங்க?"

"ஆமா. உன்னை என்னோட போகச் சொன்னாங்க."

"அவங்களையே சொல்லச் சொல்லுங்க."

மாட்டிக்கொண்டோம். அவள் கண் முன்னால் மைக்கை எடுக்க முடியாது. வெளியே லாரியின் ஹாரன் அடித்தது. கொழுந்தன் கத்தினான்.

பின்னாலேயே வந்துவிட்ட நிமாயிடம் கைக்குழந்தையைக் கொடுத்துவிட்டு நான் வயரை மாற்றிச் சொருகினேன். ஏன் செய்தேன் என்று யோசிக்கவில்லை. ஹெட்போனை அந்தப் பெண்ணின் காதில் வைத்தேன். சின்னத் தலை. அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ரொம்ப நேரம் கேட்டாள். ஒருமுறை 'ம்' என்றாள். ஒருமுறை தலையாட்டினாள். யாரோ நீளமாக ஏதோ சொல்லிக்கொடுக்கிற மாதிரி. பிறகு கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, போய் ஷேபாலியின் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன வச்சீங்க அதுல?" என்று நிமாய் காதோடு கேட்டார்.

"ஒண்ணுமில்ல. காத்து."

லாரி

லாரி நிறைய ஆள். மூட்டை, ஆடு, ஒரு தையல் மிஷின். கொழுந்தன் பூனியைப் பார்த்துவிட்டு, "இதுதான் ஷேபாலியா, இத்தனை வளர்ந்துட்டாளா?" என்றான். அவன் தன் அண்ணன் மகளை எத்தனை தடவை பார்த்திருப்பானோ. ஷேபாலியின் அம்மா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பெண்ணைத் தூக்கி மேலே விட்டாள். குழந்தையை நிமாயிடமிருந்து வாங்கிக்கொண்டு ஏறினாள்.

வண்டி கிளம்பியது. நிமாய் பக்கத்தில் கொஞ்ச தூரம் ஓடினார்.

"கவலைப்படாதீங்க. ஷேபாலியை நான் தினமும் கூப்பிடறேன். வந்தா உங்க ஊருக்கு அனுப்பி வைக்கிறேன்."

அவள் லாரிப் பலகையைப் பிடித்துக்கொண்டு கீழே குனிந்தாள். மடியில் பூனி காய்ச்சல் அசதியில் தூங்கிவிட்டிருந்தாள்.

"கூப்பிடாதீங்க" என்றாள். "எங்கே இருக்காளோ அங்கேயே இருக்கட்டும். யார் கூப்பிட்டாலும் போகக்கூடாதுன்னு மட்டும் மைக்ல அவகிட்ட சொல்லுங்க. அம்மா குரல் மாதிரியே இருந்தாலும்."